பாதி ரொட்டி

புது மருந்தைச் சோதித்துப் பார்க்க உடம்பைக் கொடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரி முறைத்தாள். அதற்குக் கிடைக்கும் பணத்தில் உனக்குத் தையல் மெஷின் என்றதும் தானே என் பையை அடுக்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மெஷினை இரவல் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில்கள். நான் ஐந்தாம் நம்பர். நாலாம் நம்பர் ஒரு பஸ் கண்டக்டர். அரை மணி நேரத்தில் தன் கல்யாணக் கதை வரை சொல்லிவிட்டார். மறுநாள் காலை எல்லோருக்கும் நாலு துண்டு ரொட்டி, ஒரு முட்டை. அரை மணி கழித்துப் புதுக் காய்ச்சல் மாத்திரை. வயிற்றில் இருப்பது மாறினால் மருந்து ரத்தத்தில் ஏறுவதும் மாறுமாம். அதனால் மிச்சமும் வைக்கக் கூடாது, கூடுதலாக ஒரு துணுக்கும் தின்னக் கூடாது என்று நர்ஸம்மா மூன்று முறை சொன்னார்.

நானோ பத்து வருஷமாகப் பிள்ளைகளின் மிச்சத்தைத் தின்றே தொப்பை வளர்த்தவன். கண்டக்டர் பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். என் கை அதுபாட்டுக்குப் போனது. மென்று விழுங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

"யாரும் பாக்கல. வாயைத் திறக்காதீங்க," என்றார் கண்டக்டர். நர்ஸம்மாவும் இரண்டு காலித் தட்டுகளைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார்.

தையல் மெஷின் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் நாளைக்கு ஏதோ ஒரு அம்மா இந்த மாத்திரையை நம்பித் தன் பிள்ளைக்குக் கொடுப்பாளே.  எழுந்து போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கண்டக்டருக்கு இன்னொரு பாதி ரொட்டி வந்தது. "மாத்திரை போடறதுக்கு முன்னாடியே சொன்னீங்க, நல்லதாப் போச்சு. இந்தத் தடவை நீங்க வேணாம். அடுத்த மாசம் வாங்க," என்றார் டாக்டர். வெளியே காத்திருந்த மாற்று ஆள் என் கட்டிலில் துள்ளி ஏறினான்.

வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க கையைக் கட்டித்தான் அனுப்பணும்!"

அன்றே பயிற்சி தொடங்கியது. பிள்ளைகள் வேண்டுமென்றே ரொட்டியை மிச்சம் வைப்பார்கள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை நீண்டால் சின்னவள் மரக்கரண்டியால் ஒரு போடு போடுவாள். அவளுக்கு ஏக குஷி.

அடுத்த மாதம் ஒரு துணுக்குக்கூடத் தவறாமல் முடித்துவிட்டு வந்தேன். மெஷின் வந்த அன்று சின்னவள் வழக்கம்போலப் பாதி ரொட்டியை விட்டுவிட்டு எழுந்தாள். நான் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தன் தட்டில் இருந்த பாதி ரொட்டியையும் என் பக்கம் தள்ளினாள்.

"இதையும் சேத்துச் சாப்பிடுங்க."