நீலக் கயிறும் குளிர்ந்த தேநீரும்

சூசைதாசனைப் புதைத்துவிட்டு வந்த சனம், மல்வேர்ன் மாடிக்கட்டடத்தின் ஒன்பதாவது தளத்துக்கு மூன்று தவணையாக லிஃப்டில் ஏறி வந்து சேர்ந்தபோது, அவருடைய மனைவி மக்டலீன் குசினியில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். செபம் செய்கிறாளாக்கும் என்று நினைத்து இரண்டு பேர் வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் பிரிட்ஜைச் சுற்றிக் கட்டியிருந்த நீல நைலோன் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம். ரொறன்ரோவில் அந்தக் கிழமை எறித்த வெயிலுக்கு, கறுத்தக் கோட்டுப் போட்டு வந்த ஆண்கள் கல்லறையிலேயே பாதி கரைந்துபோனார்கள். மற்றப் பாதிதான் வீட்டுக்கு வந்தது.

"குடிக்கக் குளிரா ஏதும் கிடக்கோ அக்கா?" என்று பக்கத்து வீட்டுக் கிளடிஸ் மெல்லக் கேட்டாள். கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. செத்தவீட்டில் கேட்கக்கூடாதவை என்று சில உண்டு. இதுவும் அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"தேத்தண்ணி கிடக்கு," என்றாள் மக்டலீன். "அவரின்ரை தேத்தண்ணி."

அவர் செத்த வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தப் பிரிட்ஜை ஒருவரும் திறக்கவில்லை. சாப்பாடெல்லாம் அயலிலிருந்து வந்தது. மக்டலீனின் தம்பி பஸ்ரியன் கத்தியோடு வந்தான்.

"வெட்டட்டோ அக்கா?"

"வேண்டாம். நான் கட்டினது, நானே அவிழ்க்கிறன்."

கயிறு வந்த கதை இதுதான். சூசைதாசனுக்கு இதயம் வீங்கிவிட்டது. நாள் முழுவதற்கும் நாலு கப்புக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது என்று டொக்ரர் எழுதிக் கொடுத்தார். மன்னார்ப் பேசாலையில் வள்ளக்காரனுக்குப் பிறந்து, கடலைப் பார்த்தபடி வளர்ந்த மனிதருக்கு நாலு கப். குழாய்த் தண்ணீரை அவர் வாயில் வைப்பதில்லை. ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் உப்பில்லாமல் செத்த தண்ணீர், அதைக் குடித்த ஒரு கொக்கு பறக்கும்போதே நித்திரையாகி விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லுவார். அவர் கேட்டதெல்லாம் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர்.

அது அவருக்கு வேலைத்தலத்தில் பிடித்த வியாதி. சாமான் பெட்டி அடுக்கும் வேர்ஹவுசில் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த வோல்ற்றர் என்றொருவன் சொல்லிக் கொடுத்தான். கொதிநீரில் ஆறு தேயிலைப் பைகள். கசப்பை எடுக்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை. சூடு ஆற முன்னம் ஒன்றரைக் கப் சீனி. கரைந்த பிறகுதான் குளிர்ந்த தண்ணீரும் புளிப்புக்குத் தேசிக்காய்த் துண்டும். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, மக்டலீன் அதை ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் ஜக் நிறையச் செய்து வைப்பாள். ஒரு துளி நாக்கில் வைத்ததில்லை.

"ஐஸ் மீனுக்குப் போடுறது," என்பாள். "அதுவும் செத்த மீனுக்கு."

பின்னேரம் தான் வேலையால் வந்ததும் அவருக்கு ஒரு கிளாஸ் அளந்து கொடுப்பாள். மிச்சம் நிற்கிற மட்டத்தில் ஜக்கின் வெளிப்புறம் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் துண்டொன்றை ஒட்டுவாள். அவள் வேலைக்குப் போகும் பகலில் கயிறு. கலியாணத்தன்று அவர் அவளுக்குப் போட்டது மூன்று முடிச்சு. அவள் பிரிட்ஜுக்குப் போட்டதும் மூன்றுதான்.

"மன்னார்க் கடலிலை நான் அவிழ்க்காத முடிச்சில்லை," என்று கதிரையில் இருந்தபடி அவர் சொல்லுவார். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு அவர் விட்டு வைத்திருந்தால்தானே. அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி தன்னை வள்ளத்தோடு தூக்கிக் கோயில் கூரையில் வைத்ததென்றும், பூசை முடியுமட்டும் மரியாதைக்காகத் தான் கீழே இறங்கவில்லையென்றும் பாதிரியாருக்கே சொன்னவர். பின்னேரங்களில் அவள் வரும்போது கயிறு கட்டியபடியே இருக்கும். தேநீரும் பிளாஸ்ரர் மட்டத்திலேயே நிற்கும். கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி திறம் மக்டலீன்," என்பார்.

இரண்டு கிழமைக்கு முன்னர் டொக்ரரிடம் போய் வந்தவர், சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"டொக்ரர் சொன்னவர், இனி விரும்பினமட்டும் குடிக்கலாமாம்."

"ஓமோம். ஐஸ் தண்ணியில்லை, கட்டி, அது கணக்கிலை சேராது எண்டு போன மாசம் சொன்னதும் அதே டொக்ரர்தானே?"

"அது நான் சொன்னது. இது அவர் சொன்னது."

அவள் சிரிக்கக்கூட இல்லை. கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வியாழன் காலை அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை. "இண்டையான் கிளாஸை இப்பவே தாவன்," என்று மட்டும் கேட்டார்.

"பின்னேரம் வந்து தாறன்," என்று சொல்லிவிட்டு, மூன்று முடிச்சையும் இறுக்கிப் போட்டு, ஹொட்டேல் லோண்டரி வேலைக்கு பஸ் பிடித்தாள். நாலு மணிக்கு வந்தபோது அவர் பல்கனிக் கதிரையில் இருந்தார். அந்த வெயிலிலும் கை குளிர்ந்திருந்தது.

இன்று கல்லறையிலிருந்து காரில் வரும்போது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில் பஸ்ரியன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:

"அக்கா, நேற்று டொக்ரரின்ரை கந்தோரிலையிருந்து நேர்ஸ் போன் எடுத்தவ. கடைசியாப் போகேக்கை சொல்லிப்போட்டினமாம், இனிச் செய்ய ஒண்டுமில்லையெண்டு. ஆசைப்பட்டதைக் குடிக்கட்டும், மறிக்க வேண்டாமெண்டும் சொன்னவையாம். அத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்தானே?"

விளக்கு பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"பாதி சொன்னவர்," என்றாள் மக்டலீன்.

இப்போது குசினியில் முதலாம் முடிச்சு அவிழ்ந்தது. அவள் போட்டபடியே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவள் விரல் சற்று நேரம் நின்றது. பிறகு கயிறு நிலத்தில் விழுந்தது. ஜக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புதன் பின்னேரம் ஒட்டிய பிளாஸ்ரர். அதே மட்டத்தில் தேநீர். ஒரு துளி குறையவில்லை. ஜக்கைக் கிளடிசிடம் நீட்டிவிட்டு, எழும்பாமல் அலுமாரியில் சாய்ந்து அப்படியே இருந்தாள்.

"ஊத்திக் குடு பிள்ளை. தொட்டியிலை ஊத்த மனம் வரேல்லை."

வயதுக்கு மூத்தவர் என்று முதல் கிளாஸ் அமிர்தநாதருக்குப் போனது. சூசைதாசனோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போன மனிதர். ஐஸ் கிணுங்க ஒரே மூச்சில் பாதியை இறக்கினார். இறக்கிவிட்டுக் கிளாஸைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை மக்டலீன், குறை நினையாதை. இது பச்சைத் தண்ணியல்லோ."

கிளடிஸ் அவரைக் கண்ணால் அதட்டினாள். அவர் விடவில்லை.

"பொய்யில்லை பிள்ளை. சீனியுமில்லை, சாயமுமில்லை."

மக்டலீன் எழும்பி வந்தாள். அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு கணம் தயங்கி, குடித்தாள். ஏரித் தண்ணீர். அதற்குள்ளே எங்கோ கனதூரத்தில் ஒரு தேசிக்காய் நின்றது. இன்னொரு மிடறு குடித்தாள். நிலத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்; மன்னார்க் கடலில் அவர் அவிழ்க்காத முடிச்சில்லை. பல்கனிப் பக்கம் பார்த்தாள்.

"கொஞ்சம் சீனி போட்டுக் கலக்கட்டோ அக்கா?" என்றாள் கிளடிஸ்.

"வேண்டாம். இவ்வளவே காணும்."

அமிர்தநாதர் கிளாஸுக்காக நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். மக்டலீன் ஜக்கைத் தன் பக்கம் இழுத்து, கிளாஸை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். தட்டிலிருந்து ஐஸ் கட்டி இரண்டைக் கையாலேயே எடுத்து அதற்குள் போட்டாள். தண்ணீர் வழிந்து கறுத்தச் சேலையில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. கிளாஸோடு சனத்தை விலக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய், அந்தக் கதிரையில் இருந்தாள்.