மேட்டில் கால், பள்ளத்தில் தலை

உலகத்தில் செத்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் எழுந்தாலும் எழுவார்கள். லிந்துலைக்கு மேலே, மேற்பிரிவுத் தோட்டத்து மயானத்திலிருந்து மட்டும் ஒருத்தரும் எழ முடியாது. ஆட்டோ ஓட்டும் றொனால்ட், சரிவின் சாய்மானத்தைக் கண்ணால் அளந்து, தீர யோசித்துக் கண்டுபிடித்த உண்மை இது. இதைச் சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை. கேட்கிறவர்கள் சிரித்தால் கோபித்துக்கொள்வான்.

விளக்கமும் வைத்திருந்தான். தேயிலை பிடிக்காத இடமாகப் பார்த்துத்தான் அந்தக் காலத்துத் துரைமார் மயானத்துக்கு ஒதுக்கினார்கள். நிற்கவே முடியாத சரிவு. மேற்கே ஆற்றைப் பார்த்து இறங்குகிறது. கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்ததும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்று, கிறிஸ்தவர்களைக் கால் கிழக்கே இருக்கும்படி புதைப்பது வழக்கம். ஆக, மேட்டில் கால், பள்ளத்தில் தலை.

“எக்காளம் ஊதுன ஒடனே எந்திரிப்பாங்க. எந்திரிச்ச வேகத்துல மல்லாக்க உருண்டு ஆத்துல விழுவாங்க. மறுபடி சாவாங்க. மறுபடி எக்காளம் ஊதணும். கர்த்தருக்கு வேற தோட்டமே இல்லையா?”

அவன் மனைவி ஐவி இதைக் கேட்டு, “ஒங்கள மட்டும் உருட்டி விடச் சொல்லிக் கேட்டுக்கிறேன்” என்பாள்.

ஐவி முன்னெல்லாம் இப்படிச் சாந்தமாகப் பதில் சொல்கிறவள் அல்ல. பீலிக்கரையில் தண்ணீருக்கு முந்துவதற்காக, அடுத்த காம்பறாவில் குடியிருக்கும் பிரியந்தியின் குடத்தை எட்டி உதைத்தவள். குடம் நசுங்கியது, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிறகு ஓர் ஈஸ்டர் விடியற்காலை, மயானத்தில் ஜெபம் முடிந்து வந்தவள் நேரே பிரியந்தியின் வாசலில் போய் நின்றாள்.

“எங்க எடத்துக்குப் பக்கத்து எடம் ஒங்க குடும்பத்துக்காமே. நாளைக்குப் பக்கத்துல பக்கத்துல எந்திரிக்கணும். அப்ப மூஞ்சிய எங்கிட்டு திருப்புறது? இப்பவே பேசிருவோம், பிரியந்தி.”

றொனால்ட் இதை லிந்துலை டவுன் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தான். ஐவி ஓயவில்லை. மலையில் குளவி கலைந்து எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிய அன்று, கூடக் கொழுந்து பறித்து விழுந்து கிடந்த கிருஷாந்தியைப் போர்த்தித் தூக்கி வந்தவள் ஐவிதான். வீங்கிய முகத்தோடு நின்றவளை றொனால்ட் திட்டினான். “செத்திருந்தா என்னாடி பண்ணியிருப்ப?”

“எந்திரிச்சிருப்பேன்” என்றாள், அடுப்பில் தேத்தண்ணி வைக்கப் போகிறேன் என்பதுபோல.

புயல் மழை கொட்டிய வாரத்தில் ஐவிக்கு வயிற்றுவலி கண்டது. மண்மேடு சரிந்து தோட்டத்து ரோடு அறுந்துகிடந்தது. அம்புலன்ஸ் உடைப்புக்கு அந்தப் பக்கம்தான் வரமுடியும் என்றார்கள். கம்பளியை மூங்கிலில் கட்டி ஐவியை அதில் கிடத்தினார்கள். முன்னால் தோட்டத்தில் குழி வெட்டும் சோலைமலை, பின்னால் றொனால்ட். பக்கத்தில் குடை பிடித்து பிரியந்தி. அந்தக் குடையால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை.

“ஏங்க,” என்றாள் ஐவி கம்பளிக்குள்ளிருந்து. “ஒருவேள எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, காலு கெழக்க இருக்கணும்.”

“வாய மூடு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்.”

“சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“அங்கயே கட்டில்ல ஒன்ன தலகீழாப் போடச் சொல்றேன். பழகிக்க.”

ஐவி சிரித்தாள். “சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது” என்று முனகினாள். அவன் சரி என்று சொல்லவில்லை. சொன்னால் ‘ஏதாச்சும்’ ஆகிவிடும் என்று பயந்தான். நம்பிக்கை இல்லாதவனுக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் நிறைய இருக்கும்.

உடைப்புக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நடுவில் சேறு ஆறாக ஓடியது. ஆட்கள் மரங்களைப் போட்டு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று றொனால்ட் கத்தினான். சிங்களத்திலும் கத்தினான். தொண்டை கட்டி, யாருடைய குரலோ மாதிரி ஆனது. முதல் மரத்தில் கால் வைக்கும்போது ஐவியின் கை கம்பளிக்கு வெளியே நழுவி விழுந்தது. பிரியந்தி அதை எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தாள். பிறகு குடையை மடக்கினாள்.

மறுநாள் சோலைமலை மயானத்தில் மம்பட்டியோடு காத்திருந்தார். “தல எந்தப் பக்கம்ங்க தம்பி?”

றொனால்ட் சரிவைப் பார்த்தான். மேட்டிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

“மேட்டுப் பக்கம்.”

“ஒங்க ஆளுகளுக்கு அது மாறாச்சேங்க?”

“பள்ளத்துல தலைய வச்சா, மழத்தண்ணி பூராவும் அவ மூஞ்சிக்கில்ல போவும்.”

சொன்ன பிறகுதான், செத்தவளின் முகம் நனைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. சோலைமலை வெட்டத் தொடங்கினார். தோளுக்கு அகலம், காலுக்கு ஒடுக்கம், பெட்டி எப்படியோ அப்படியே.

ரோடு இல்லாததால் பாஸ்டர் வரவில்லை. சபை மூப்பர் மரியநாயகம்தான் வேதாகமத்தைப் பிரித்தார். பெட்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

“தம்பி, இது மேக்கயில்ல பாக்குது.”

“எங்கிட்டுப் பாத்தா என்னாங்க மாமா? வாசிங்க, மழ வருது.”

பிரியந்தி அழுதுகொண்டே கேட்டாள். “அப்ப எங்க எல்லாருக்கும் முதுக காட்டிக்கிட்டா எந்திரிப்பா? மறுபடி பேச்சுவார்த்த இல்லாம போயிருமேண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை. மரியநாயகம் வாசித்தார். பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண் புருஷன் போட வேண்டும். றொனால்ட் ஈரமண்ணை அள்ளிக் கையை நீட்டினான். விரல்கள் திறக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து அவள் இன்னும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

“சரி” என்றான்.

தன்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்து மரியநாயகம் வேதாகமத்தை மூடினார்.

“பெட்டிய மேல எடுங்க.”

“திருப்பி வச்சா எறங்காதுங்க தம்பி,” என்றார் சோலைமலை. “அந்தப் பக்கம் ஒடுக்கம்.”

“எறங்கும்.”

பெட்டி மேலே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். மம்பட்டியை வாங்கி, ஒடுக்கமான பக்கத்தை வெட்டினான். மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய மண் சேறாகி அவன் காலிலேயே விழுந்தது. அள்ளி அள்ளி வெளியே எறிந்தான். ஒருமுறை சோலைமலை கையை நீட்டினார். றொனால்ட் மம்பட்டியைக் கொடுக்கவில்லை. பிரியந்தி குடையை விரித்து, பெட்டியின் தலைப்பக்கத்துக்குப் பிடித்தாள்.

ஐவியைத் திருப்பி இறக்கினார்கள். கால் கிழக்கே, மேட்டில். தலை மேற்கே, பள்ளத்தில்.

மண் மூடிய பிறகு எல்லாரும் கலைந்தார்கள். றொனால்ட் மேட்டுப் பக்கம் ஏறி, இறங்கி வரும் தண்ணீரை மறித்து வாய்க்கால்போல ஒரு கான் வெட்டினான். தண்ணீர் புதைகுழியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக இறங்கிப் போனது. சோலைமலை பார்த்து, நல்ல வேலைதான் என்று தலையை ஆட்டினார்.

பிறகு அவன் பள்ளத்துப் பக்கம் வந்து, தலைமாட்டுக்குக் கீழே சரிவை வெட்டத் தொடங்கினான். படிபோல ஒரு சிறு சமதரை. விளிம்பில் கற்களைப் பொறுக்கி வந்து அடுக்கினான்.

“இது எதுக்குங்க தம்பி? கான் தான் வெட்டியாச்சே.”

“மண்ணு அரிக்காம இருக்க” என்றான் றொனால்ட், முகத்தைத் திருப்பாமல்.

சோலைமலை போகும் வரைக்கும் காத்திருந்தான். பிறகு அந்தச் சமதரையில் ஏறி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றான். குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான். பின்னால் சாய்ந்து பார்த்தான். கல் அசையவில்லை, ஆள் உருளவில்லை.

கீழே இறங்கினான். பிரியந்தி குடும்பத்து இடம் ஒரு பக்கம். மறுபக்கம், அவனுக்கென்று இருந்த இடம், இன்னும் வெறும் சரிவாகக் கிடந்தது. மழையிலே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மம்பட்டியை எடுத்து அந்தப் பக்கமும் அதே அளவுக்கு வெட்ட ஆரம்பித்தான்.