ஏழு சொட்டு

…இல்லை, ஓரத்தை வெட்டிவிடலாம், போன வாரம் ஓரத்தை மட்டும் துப்பிவிட்டுப் போனாள், ரொட்டிக்கு நடுவே ராஸ்ப்பெரி ஜாம், ஜாமில் ஏழு சொட்டு மருந்து, எட்டாவது விழுந்துவிட்டால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து… என் வீட்டுக்காரர் கீத் உயிரோடு இருந்திருந்தால், ‘எனக்கு என்னிக்காவது ஓரம் வெட்டிக் குடுத்திருக்கியாடி?’ என்று கேட்டிருப்பார், கேட்கட்டும், அவருக்குச் சொறி வந்ததில்லையே, சீமாட்டிக்கு வந்திருக்கிறதே. சீமாட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன், குப்பை கிளறும் பெண் நரிக்கு அந்த நடை எங்கிருந்து வந்ததோ, மூன்று வருஷமாகத் தோட்டத்துக்கு வருகிறாள், நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், தினமும் விழிக்கிறேன், அதிர்ஷ்டத்தைத்தான் இன்னும் காணோம். அந்த வாலைப் பார்க்க வேண்டுமே இப்போது, முடியெல்லாம் கொட்டி எலிவால் ஆகிவிட்டது, இடுப்பில் வெறும் தோல், ஒரு வாய் தின்பதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து சொறிகிறாள்… நரி உதவி மையத்தில் சொன்னார்கள், மூன்று வாரம் ஒழுங்காகக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள், இல்லையென்றால் குளிர்காலத்தைப் பார்க்கமாட்டாள் என்று. இன்று பத்தாம் நாள். முந்தாநாளும் வரவில்லை, நேற்றும் வரவில்லை. செத்துகித்துப் போயிருப்பாளோ? சீ, வாயைக் கழுவு. மணி எட்டேகால், பிரிஸ்டலில் ஜூன் மாதத்தில் ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க முடியாதா, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போ.

பூந்தொட்டிக்குப் பக்கத்தில் தட்டை வைக்கக் குனிந்தால் பக்கத்துத் தோட்டம் முழுசாகத் தெரிகிறது, தெரியாமல் என்ன செய்யும், என் தலைக்கு மேல் வளர்ந்திருந்த வேலிச்செடியை இடுப்பளவுக்கு மொட்டையடித்த புண்ணியவான் அல்லவா நார்மன், ஈஸ்டருக்கு நான் தங்கை வீட்டுக்குப் போன நான்கே நாளில், ஒரு வார்த்தை கேட்காமல், கீத் தன் கையால் நட்ட செடி அது. அன்றைக்கு நின்றது பேச்சு. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சண்டை போட்டோமா? இல்லை, சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும், நாங்கள் மரியாதைப்பட்டவர்கள், பேசாமல் இருந்தோம். ஆனால் புதன்கிழமை குப்பை வண்டி போனதும் யார் முதலில் எழுந்தாலும் இரண்டு வீட்டுத் தொட்டியையும் உள்ளே இழுத்து வைத்துவிடுவோம், அவருடையதை நான், என்னுடையதை அவர், யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்… இப்போது அவரும் குனிந்துகொண்டுதான் இருக்கிறார், கையில் ஏதோ தட்டு, புல்மேல் வைக்கிறார், வெள்ளை ரொட்டி, நான்கு துண்டாக வெட்டியது, ஓரத்தில் சிவப்பாக வழிகிறது… ஜாம். எழுபது வயது மனுஷன் எதற்குத் தோட்டத்தில் ஜாம் ரொட்டி வைக்கிறார்? எதற்கென்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன், என்றைக்காவது வாயைத் திறந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று, ஒன்றைவிட ஒன்று காரமாக, குளிக்கும்போது சொல்லிப் பார்த்ததுகூட உண்டு. வாயில் வந்தது, “எத்தனை சொட்டு?”

நார்மன் நிமிர்ந்தார், என் கையில் இருந்த தட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. “ஏழு. நீங்க?”

“ஏழு. எத்தனை நாளா?”

“போன புதன்லேர்ந்து.”

பதினான்கு. வந்த நாளெல்லாம் அந்தப் பூனை எடைகூட இல்லாத உடம்புக்குப் பதினான்கு சொட்டு, நானும் கொல்கிறேன், அவரும் கொல்கிறார், இடுப்பளவு செடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, அவ்வளவு பாசமாக. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். “நீங்கதான் பேசவே மாட்டேங்கறீங்களே!” “செடிய வெட்டறதுக்கு முன்னாடி நீங்க பேசினீங்களாக்கும்?” “அது பட்டுப்போயிருந்துச்சுங்க, பூரா பூஞ்சை, நீங்க இருந்தா அழுவீங்கன்னுதான் இல்லாதப்ப வெட்டினேன்!” அழுதிருப்பேன்தான். அதற்காக? போனை எடுத்து உதவி மையத்து நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி வெட்டின செடியின் தலைமேலேயே வைத்தேன், இரண்டு பேரும் குனிந்து கேட்டோம், பேர் என்ன என்றாள் அந்தப் பெண், கிளெண்டா என்றேன், நார்மன் ஏனோ இருமினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள், சிரிக்கிறாளே பாவி என்று இருந்தது, பிறகு, “பதறாத கண்ணு, சாகமாட்டா. வயிறு கெட்டு எங்கயாச்சும் சுருண்டு கெடப்பா. இன்னிக்கும் நாளைக்கும் ஒண்ணுமே வைக்காதீங்க, தண்ணி மட்டும். அப்புறம் மருந்து ஒரே வீட்லதான். எந்த வீடுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க” என்று வைத்துவிட்டாள்.

பேசி முடிவு பண்ணுவதா. என் வீடுதான், இதில் பேச என்ன இருக்கிறது, மூன்று வருஷம், குட்டிகளை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு வந்தது என் புல்லுக்கு, கீத் போன பிறகு மாலையில் எனக்காக ஒருத்தி வருகிறாள் என்றால் அவள்தான்… ஆனால் நார்மனும் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரும் ஓரம் வெட்டியிருக்கிறாரே, அவருக்கு மட்டும் வேறு யார் வருகிறார்கள், இத்தனை வருஷத்தில் அந்தக் கதவைத் தபால்காரன் தவிர யார் தட்டிப் பார்த்தேன்? “எங்க தோட்டத்துலயே—” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம், ஒரே நேரத்தில் நிறுத்தினோம், ஏனென்றால் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள்.

வந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் அந்த வாலில், நன்றாகப் பாருங்கள், இல்லை, வெயில் இல்லை, முடிதான், பூனைமுடிபோலப் புதுசாக… எனக்குக் கண் முட்டிவிட்டது, வெட்கமாக இருந்தது, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன், நார்மனும் அப்படியே, அவள் செடி முடிகிற இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னை. பசி. நான் எப்படி இல்லை என்று சொல்வேன், என் வாழ்க்கையில் யாருக்குச் சோறு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்? அப்போதுதான் நார்மன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டிராத குரலில் சொன்னார்: “இன்னிக்கு இல்லடா கிளெண்டா. வயிறு சரியாகட்டும், போய்ப் படுத்துக்கோ.”

நானும் திரும்பினேன், நரியும் திரும்பியது. நார்மன் காது வரைக்கும் சிவந்துபோனார். “இல்ல… ரெண்டு வருஷமா சாப்பிட வருது… உங்கள மாதிரியே செம்பட்டை முடி… வேலி ஓரமா வந்து மொறைச்சுப் பாக்கும், ஒரு வார்த்தை பேசாம போயிடும்… அதான்…” என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லாக் குடுத்திருக்க வேண்டும் அந்த மனுஷனுக்கு, நரிக்கா என் பெயர், அதுவும் சொறி நரிக்கா, நாக்கில் தயாராகவும் இருந்தது… ஆனால் நான் கணக்கில்லாத மாலைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளை, நாலடி தள்ளி ஒருவர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தக் குரலில், சாப்பிட வா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நரி இன்னும் போகவில்லை. எந்த வீடு என்று நாங்கள் இன்னும் பேசவில்லை.