தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம்

மூத்த மருமகள் அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. இளையவள் வந்து இரண்டே வருஷம். விரைவுச்சாலை ரோந்து வண்டியில் வேலை. சீருடையோடு அவள் வாசலில் கால் வைத்தால் போதும், மாமியார் டிவியை அணைத்துவிட்டு, "இன்னிக்கு ரோட்டுல என்னம்மா ஆச்சு?" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும். அது வெளியே தெரியாமல் இருக்கப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இளையவள் மூத்தவளின் கணவனிடம் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க எப்பவும் முந்துற லேன்லயே போறீங்களாமே? அது முந்துறதுக்கு மட்டுந்தான். முந்தினதும் ஓரத்துக்கு வந்துடணும். இல்லன்னா பின்னால வர்றவன் பொறுமை போயி, கிடைச்ச சந்துல நுழைவான்."

அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினான். 'மெதுவாப் போங்க' என்று தான் பதினோரு வருஷமாகச் சொல்கிறோமே, ஒரு தடவையாவது இப்படி ஆட்டியிருக்கிறானா என்று மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். விரைவுச்சாலையில் ஒரு லாரியை முந்தியதும் அவன் ஓரத்துக்கு வர இண்டிகேட்டர் போட்டான்.

"எதுக்கு அங்க போறீங்க? முன்னால ரோடு காலியாத்தானே கெடக்கு?" என்றாள் மூத்தவள்.

"அவதான் சொன்னாளே..."

"ஓ, அவ சொன்னாத்தான் உங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்க வருமா?"

அவன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு அதே லேனில் போனான். பின்னால் ஒரு கார் நாலைந்து தடவை விளக்கை அடித்துப் பார்த்தது. பிறகு பக்கத்து லேனில் சீறி வந்து, இவர்கள் காரின் மூக்கை உரசியபடி குறுக்கே நுழைந்தது. அவன் பிரேக்கை மிதித்தும் பலனில்லை. கார் அரைவட்டம் சுற்றி, லேன்களைக் கடந்து, சாலையோரத் தடுப்புக் கம்பியில் உராய்ந்து நின்றது. உரசியவன் நிற்கவே இல்லை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கணவன் போனில் முதலில் கூப்பிட்டது இளையவளைத்தான். அந்தப் பதற்றத்திலும் மூத்தவள் அதைக் கவனித்தாள்.

பத்தே நிமிஷத்தில் ரோந்து வண்டி வந்து பின்னால் நின்றது. இளையவள் ஓட்டமும் நடையுமாக எச்சரிக்கைக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். "எல்லாரும் ரோட்டுப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கக் கதவு வழியா இறங்குங்க. கம்பியைத் தாண்டி மேட்டுல போய் நில்லுங்க. கார்கிட்ட யாரும் நிக்கக் கூடாது." வீட்டில் ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் சொல்லும் மாமியார், வாய் பேசாமல் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தாண்டினார்.

மூத்தவளும் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் கைப்பை காரிலேயே இருப்பது தெரிந்தது.

"என் பை உள்ள இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"வேண்டாங்க்கா. பை போனாப் போகுது, நீங்க போகாதீங்க."

அந்தக் குரலில் இருந்த அதிகாரம் அவளைச் சுட்டது. நேற்று வந்தவள், ஊரே பார்க்க என்னை மிரட்டுவதா? விறுவிறுவென்று இறங்கிப் போய், பின் சீட்டுக்குள் குனிந்தாள்.

கூம்புகள் பறக்கும் சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தன. இருவரும் கம்பிக்கு மேலாக உருண்டு அந்தப் பக்கம் விழுந்தார்கள். தடம் மாறி வந்த ஒரு வேன், அவள் குனிந்து நின்ற காரை மோதிப் பத்தடி தள்ளிக்கொண்டு போய் நின்றது.

இளையவளின் மணிக்கட்டு மூத்தவளுக்கு அடியில் மாட்டி முறிந்திருந்தது.

மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எதுக்குடி திரும்பப் போனே?"

 முறிந்த கையைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு இளையவள்தான் பதில் சொன்னாள். "உங்க கண்ணு சொட்டு மருந்து பையில இருந்துச்சு அத்தை. அதுக்குத்தான் அக்கா போனாங்க."

மாமியாரின் கண்கள் கலங்கின. "எனக்காகவா போனே?" என்று மூத்தவளின் கன்னத்தைத் தடவினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அந்தத் தடவலையும் இளையவள் தயவில்தான் வாங்க வேண்டியிருக்கிறதே என்று மூத்தவளுக்கு உள்ளே குமைந்தது.

மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு வந்த இளையவளைப் பார்க்க உறவெல்லாம் வந்தது. அவளுக்குத் தலைவாரிவிடும் வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. நாலு நாள் பேசாமல் வாரினாள். ஐந்தாம் நாள் காலையில் சீப்பு பாதியில் நின்றது.

"நான் சொட்டு மருந்துக்காகப் போகல."

இளையவள் திரும்பவில்லை.

"உன் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னுதான் போனேன். கார்லயும் அப்படித்தான். ஓரத்துக்குப் போனவரை நான்தான் போகவிடல."

"தெரியும்க்கா. மாமா அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?"

"வலி உயிர் போச்சு. அந்த நேரத்துல ஒரு பஞ்சாயத்தும் வேணுமான்னு இருந்துச்சு." தலையைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள். "மெதுவா வாருங்க்கா. முடி பிடுங்குது."

மூத்தவள் சிக்கை விரலால் பிரித்தாள். முடி தன்னுடையதைவிட அடர்த்தியாக இருந்தது. அதற்கும் கொஞ்சம் எரிந்தது. ஆனாலும் மெதுவாகவே வாரினாள்.