மேலிருந்து ஒருத்தி, கீழிருந்து ஒருத்தி

1

இந்தக் கதை வெள்ளை நாடாவில் தொடங்கியது. பழைய கடிதங்களைக் கட்டி வைக்க ஏதாவது வாங்கி வரச் சொன்னாள் என் மனைவி. ரப்பர் வளையம் கூடாது, வெயிலில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். குண்டூசி கூடாது, துருப்பிடிக்கும். பருத்தி நாடாதான் சரி. வாங்கி வந்தேன். “அகலம் கொஞ்சம் பத்தாது” என்றாள். ஆனாலும் அதிலேயே கட்டினாள். மறுநாள் காலை, அவள் வேலை பார்த்த பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். அவ்வளவுதான். குடுவை ஒன்றும் உடையவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்தக் கடிதங்களை வைத்துத் தன் பாட்டியின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் நிற்கிறது. மீதியை நான் எழுதுகிறேன். எனக்கு வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. இதுவரை நான் எழுதியதெல்லாம் “கதவு உரசுகிறது, எண்ணெய் விடப்பட்டது” வகை. கதைக்கும் இதே நடை போதுமா என்று தெரியவில்லை. போதவில்லை என்றால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கங்கள்:

(அ) “அவள் பிறந்த அன்று மழை விடாமல் பெய்தது.” எந்த ஆவணத்திலும் மழை இல்லை. அடித்துவிட்டேன்.

(ஆ) “தனியொருத்தியாக உலகத்தை எதிர்த்து நின்ற அந்தத் தைரியசாலி—”

இதை என் மாமியாரிடம் காட்டினேன். பாட்டி என்று நான் சொல்பவர் அவருடைய அம்மா. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“யாரு மாப்பிள்ளை இது?”

“உங்க அம்மா, அத்தை.”

“அப்படியா! நல்லாத்தான் இருக்கா. சரி, எங்கம்மாவ எப்ப எழுதப்போறீங்க?”

3

ஆவணங்கள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

பாட்டி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தார். கணவர் இறந்ததும் சேர்ந்த வேலை. தங்குவதற்கு நிலையத்தின் பெண்கள் விடுதி. விடுதியில் குழந்தைகளுக்கு இடமில்லை. அதனால் ஆறு வயது மகளை, அதாவது அத்தையை, வேறு ஊரில் இருந்த தன் அக்கா வீட்டில் விட்டார். பணிப் பதிவேட்டின் நகல் என் மனைவியின் கோப்பில் இருக்கிறது. “குழந்தைகள்” என்ற கட்டத்தில் பாட்டி ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்.

அத்தை அதன்மேல் விரலை வைத்தார். “நான்தான் அந்தக் கோடு.”

(இந்த இடத்தில் அத்தை அழுதார் என்று எழுதினால் பக்கம் நன்றாக இருக்கும். அவர் அழவில்லை. பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டார்.)

“ஒரு வருஷம்னு சொல்லி விட்டுட்டுப் போனா. அஞ்சு வருஷம் ஆச்சு.”

“அப்புறம் சேர்ந்துதானே இருந்தீங்க? ஏன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே?”

“கேட்டா பதில் சொல்லிடுவாளேன்னு பயம்.”

4

அக்காவும் தங்கையான பாட்டியும் கடிதம் எழுதிய விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இனி வருவது புரியாது.

இருவருக்கும் ஒரே தாள். தங்கை மேலிருந்து ஒரு வரி எழுதி அனுப்புவார். அக்கா அதே தாளைத் தலைகீழாகத் திருப்பி, மறுமுனையிலிருந்து ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார். சில தாள்களை அக்கா தொடங்குவார். இரண்டு கையெழுத்தும் நடுவில் முட்டிக்கொள்ளும்வரை தாள் போய் வந்துகொண்டிருக்கும். நிறைந்த தாள் கடைசியாக யார் கைக்கு வந்ததோ, அவர் வைத்துக்கொள்வார்.* தேதி போடும் பழக்கம் இருவருக்குமே இல்லை. உறைகளைப் பற்றிக் கேட்டேன். அடுப்புப் பற்றவைக்க உதவின என்றார் அத்தை.

* சிக்கனம் என்கிறார் அத்தை. அக்காவின் வார்த்தையைக் கண்முன் வைத்துக்கொண்டே பதில் எழுதலாம் என்பதற்காக என்று என் மனைவி எழுதியிருக்கிறாள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

5

கதைக்குத் தேவையான தாள் சிறியது. நாலே வரி. மேலே பாட்டி எழுதியவை:

“அறை மாறிவிட்டேன். இதற்கு ஜன்னல் இல்லை.”
“வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.”

தாளைத் திருப்பினால் அக்கா எழுதியவை:

“பிள்ளைக்குத் தலையெல்லாம் பேன். முடியை ஒட்ட வெட்டிவிடட்டுமா?”
“உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொண்டுவந்து விடட்டுமா?”

யார் தொடங்கினார் என்பதுதான் கேள்வி. அக்கா தொடங்கியிருந்தால் முதலில் பேன், அடுத்து ஜன்னல், பிறகு “கொண்டுவந்து விடட்டுமா?”, கடைசியில் “வேண்டாம்.” தங்கை தொடங்கியிருந்தால் முதலில் ஜன்னல், அடுத்து பேன். அப்போது “வேண்டாம்” என்பது முடி வெட்டுவதற்கு. “கொண்டுவந்து விடட்டுமா?” என்பதோடு தாள் நிறைந்துவிடுகிறது. பதில் அடுத்த தாளில் இருந்திருக்கும். அடுத்த தாள் கிடைக்கவில்லை.

தாளை யார் வைத்திருந்தார் என்று தெரிந்தால் போதும். அக்கா வீட்டுக் கடிதக் கட்டுக்குள் இருந்திருந்தால் முதல் வரிசை, பாட்டி பெட்டியில் இருந்திருந்தால் இரண்டாவது.

“அத்தை, இது எந்தக் கட்டுல இருந்துச்சு?”

அத்தை ஜன்னலைப் பார்த்தார். “வீடு மாத்தும்போது ரெண்டு கட்டையும் பிரிச்சு ஒரே டப்பாவுல போட்டேன்.”

“ஏன்?”

“ரெண்டும் ஒரே குடும்பம்தானேன்னுதான். கலெக்டர் ஆபீஸா நடத்துறேன், தனித்தனியா ஃபைல் போட?”

6

முடி வெட்டப்பட்டதா என்று பார்த்தால் விஷயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வெட்டாமல் விட்டிருந்தால், அந்த “வேண்டாம்” முடிக்குத்தான் என்று ஓரளவு சொல்லலாம். அறை மாறிய வருடம் பணிப் பதிவேட்டில் இருக்கிறது, அதே வருட வகுப்புப் படமும் கோப்பில் இருக்கிறது. விளையாட்டு நாளில் எடுத்தது. எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் காகிதத் தொப்பி, காதுவரை இறங்கியிருக்கிறது.

“உங்களுக்கே ஞாபகம் இல்லையா அத்தை?”

“பேன் இருந்தது ஞாபகம் இருக்கு.”

என் மனைவி முதல் வரிசைப்படி, கடைசியில் “வேண்டாம்” வருமாறு, எடுத்துக்கொண்டாள். ஏன் என்று எழுதி வைக்கவில்லை. புதிய தாளின் மேல்பாதியில் நாலு வரியையும் அந்த வரிசையில் தன் கையெழுத்தில் படியெடுத்து, கடிதங்களை நாடாவில் கட்டிவிட்டு, போனில் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அத்தை போனை வைத்துவிட்டார். அவர்கள் கடைசியாகப் பேசியது அது.

“மாப்பிள்ளை, நாலு வரிதானே. மாத்தி எழுதுங்களேன்.”

“அது அவ எழுதினது அத்தை.”

“அவ தப்பா எழுதிட்டா.”

“இருக்கலாம். ஆனா அவ கடைசியா எழுதின பக்கம் அதுதான்.”

“உங்களுக்கு உங்க பொண்டாட்டி எழுத்து பெரிசு. எனக்கு எங்கம்மா. எழுபத்திரெண்டு வயசுல ‘வேண்டாம்’னு கேட்டுட்டு நான் சாகணுமா?”

இந்த இடத்தில் தேநீர் ஆறிவிட்டது என்று எழுதலாம். உண்மையில் அன்று தேநீர் போடவே இல்லை.

7

முடிவுகள்:

(அ) அடுத்த தாள் அலமாரிக்குப் பின்னால் கிடைக்கிறது. “உடனே கொண்டுவா” என்று இருக்கிறது. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். ஒரு சீப்பும் என் காணாமல்போன திருப்புளியும் கிடைத்தன.

(ஆ) அத்தை அம்மாவை மன்னித்து— மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியது ஏதும் உண்டா என்பதுதானே கேள்வி.

(இ) நடந்தது. மனைவியின் பக்கத்தை எடுத்தேன். அவள் எழுத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பி, மறுமுனையிலிருந்து, அதே நாலு வரியை மற்ற வரிசையில் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. ஜன்னல், பேன், “வேண்டாம்”, “கொண்டுவந்து விடட்டுமா?”

அத்தையிடம் கொடுத்தேன். ஒருமுறை படித்தார். திருப்பிப் படித்தார். மறுபடி திருப்பினார்.

“இதுல எது நேர், எது தலைகீழ்?”

“நீங்க எப்படிப் பிடிக்கிறீங்களோ அப்படி.”

“நல்லா தப்பிச்சீங்க.” தாளின் நடுவில் விரலை வைத்து, “நடுவுல இடம் விட்டிருக்கீங்களே” என்றார்.

“உங்களுக்குத்தான்.”

அத்தை பேனாவைக் கேட்டு வாங்கினார். மூடியைத் திறந்தார். மூடினார்.

“எழுதினா தாள் நிறைஞ்சிடும். நிறைஞ்சா ஒருத்தர் வச்சுக்கணும். அப்புறம் போக்குவரத்து இல்லை.”

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் தபாலில் வந்தது. நடுவில் ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதாமல் திருப்பி அனுப்பினேன். இப்படியே போய் வருகிறது. மடிப்பு நைந்துவிட்டது. வாசிக்கும் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம், மனதுக்குள். தாளில் வேண்டாம்.

8

மற்ற கடிதங்களை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். நாடாவை அவிழ்க்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொன்றாக வருகின்றன. அகலம் பத்தாது என்று அவள் சொன்னது சரிதான், ஓரங்களில் காகிதத்தை அறுக்கிறது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.