கார் ஓடினால் கூட்டிப் போகலாம்

மாப்பிள்ளை இளவரசனுக்குக் கொழுப்பு அதிகம். பிச்சமுத்து அதைக் கல்யாணத்தன்றே கண்டுகொண்டார். கண்டும் வாயை மூடிக்கொண்டார். இப்போது வளைகாப்பு முடிந்த மகளைப் பிரசவத்துக்குத் தன் ஊரான திருவெள்ளறைக்கு அழைத்துப் போகலாம் என்று மன்னார்புரம் வந்தவருக்கு, பேருக்கு ஒரு காபியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற பழைய காரைக் காட்டினான் அவன்.

“சீருன்னு சொல்லி என் தலையில கட்டுன வண்டி மாமா இது. ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. ஓட வச்சு அதுலயே அனுசுயாவக் கூட்டிட்டுப் போங்க. ஓடலைன்னா பிரசவம் இங்கதான்.”

சிரித்துக்கொண்டே சொன்னான். வீடு தேடி வந்த மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது? பிச்சமுத்துவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டினார். வருஷக்கணக்காக அவர் ஓட்டிய கார்தானே! இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டுவது அவருக்குப் புதிதல்ல.

வாசலில் பேப்பரை விரித்து, அதன்மேல் கார்புரேட்டரைப் பிரித்து வைத்தார். உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாக அப்பியிருந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஒவ்வொன்றாகக் கழுவி, ஓட்டைகளை ஊதி ஊதிப் பார்த்து வைத்தார். துடைக்கத் துணி எடுக்கத் தன் பை இருந்த இடத்துக்குப் போய்த் திரும்பியபோது மெயின் ஜெட்டைக் காணோம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. பெட்ரோலை அளந்து விடுவது அதுதான். அது இல்லாமல் இன்ஜின் ஓடாது.

முட்டிபோட்டுத் தேடினார். தவழ்ந்து போய் மண்ணைக் கையால் அலசினார். இளவரசன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் குரூப்பில் போட்டான்.

“காருக்கு அடியில பாருங்க மாமா. இன்னும் உள்ள போங்க. ஆங், அப்படித்தான்!”

அதற்குள் யாரோ கூப்பிட, போனில் பேசியபடி வீட்டுக்குள் போனான். அனுசுயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். ஜெட் அதில் இருந்தது.

“நான்தாம்ப்பா எடுத்தேன். இதை மாட்டிடாதீங்க.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? அம்மா அங்க வழியப் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

“நேத்தே சொல்லிட்டாருப்பா. ‘போனா அங்கயே கெட, புள்ளைய மட்டும் வந்து தூக்கிக்கறேன்’னு.”

“சொன்னா என்ன? நான் இருக்கேன்ல. வா, பஸ்லயே போயிடலாம்.”

அனுசுயா அவரை நேராகப் பார்த்தாள்.

“போன ஆடியில கன்னம் வீங்கி வந்து நின்னேனே, அப்பவும் நீங்க இருந்தீங்க. ஊரு என்ன பேசும்னு அடுத்த பஸ்லயே ஏத்தி விட்டீங்க.”

பெற்ற மகளே தன்னை நம்பவில்லை. நம்பாததுதான் நியாயம் என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

பிச்சமுத்து ஜெட்டை வாங்கி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார். அது இல்லாமலே கார்புரேட்டரை மூடிக் காரில் பூட்டினார். இளவரசன் வந்ததும் சாவியைத் திருப்பினார். வண்டி கரகரத்துவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். பெட்ரோல் நாற்றம்தான் மிச்சம்.

“முடியலைங்க மாப்ள. வேலை மறந்துபோச்சு எனக்கு.”

“தெரியாத வேலையில ஏன் மாமா கைய வைக்கிறீங்க? பொண்ணு முன்னாடி மானம் போச்சு பாருங்க.”

வாய்விட்டுச் சிரித்த இளவரசன், சிரித்தபடியே மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அனுசுயாவும் சிரித்தாள். அவனைவிடச் சத்தமாகவே சிரித்தாள்.

பிறகு அவன் பார்வை மாமனார் பக்கம் திரும்பியது. பிச்சமுத்துவும் சிரித்து வைத்தார்.