அடைத்துவிட்ட ஓட்டை

ஜப்பான்காரர்கள், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதைக்கு மலாயாவில் ஆள் பிடித்த நாட்களில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் சின்னையாவை மட்டும் விட்டுவைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு வலது தொடையிடுக்கில் குடல் இறங்கியிருந்தது. பாரம் தூக்க ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. ஜப்பான்காரன் வீக்கத்தை அமுக்கிப் பார்த்து இரண்டு தடவை திருப்பி அனுப்பினான்.

“ஊரெல்லாம் நகைய ஒளிக்குது. அண்ணன் சொத்த இடுப்புலயே கட்டிக்கிட்டுத் திரியிறாருலா,” என்பார் பக்கத்து வீட்டு மீரா சாகிப்.

படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் ஒருநாள் போகவில்லை. சிவந்து கல்லாயிற்று. காய்ச்சல் வேறு. மனைவி யோகம்மா இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்றதும் சின்னையா மறுத்தான். அங்கே போனால் குணமாக்கிவிடுவார்கள், குணமானால் சயாம்தான் என்றான். மூன்றாம் நாள் மீரா சாகிப்பின் தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தி அவளே கொண்டுபோனாள்.

டாக்டர் சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் ஏற்றும்போது சின்னையா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உள்ள எது கெட்டிருந்தாலும் எடுத்துருங்க டாக்டர். குடல் இறங்குற ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க.”

காய்ச்சல் பிதற்றல் என்று அவர் தலையாட்டி வைத்தார்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம். இறங்கியிருந்தது வெறும் குடல் இல்லையாம். குடல்வால் அந்தப் பைக்குள் நழுவி, அங்கேயே சீழ் பிடித்திருந்ததாம். இருபது வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லையாம். இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார்.

“ஓட்டை, டாக்டர்?”

“வடிவாத் தைச்சுவிட்டிருக்கிறன், பிள்ளை. இனி இறங்காது.”

யோகம்மா சயாமையும் சீட்டு விஷயத்தையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திறந்த வயித்தை அப்பிடியே விட ஏலுமே? வீக்கம் இல்லாமல் பொய்ச் சீட்டு எழுதினால் என்னையும் கொண்டுபோவாங்கள்.”

மூன்று மாத ஓய்வு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் மாதம் ஜப்பான்காரன் வந்தான். தழும்பை அமுக்கினான், இருமச் சொன்னான். ஒன்றும் புடைக்கவில்லை. நல்ல வேலை என்பதுபோலத் தலையசைத்து லாரியைக் காட்டினான்.

ஏறுவதற்கு முன் சின்னையா மனைவியைப் பார்த்தான். “வீட்டுல செத்திருந்தா நீயாவது பக்கத்துல இருந்திருப்ப.”

“தெரியாம செஞ்சிட்டேன்,” என்றாள் யோகம்மா.

தெரிந்துதான் செய்திருந்தாள்.